நீச்சல் குளம் பச்சையாகிவிட்டது, குளோரின் போட்டும் தெளியவில்லை

கேள்வி, 2023 டிசம்பர் 12

சென்னைப் புறநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு. மிக்ஜாம் புயல் மழையில் நாலு நாள் கரண்ட் இல்லை, பம்ப் ஓடவில்லை. நீச்சல் குளம் இப்போது வாழையிலை நிறத்தில் இருக்கிறது. பராமரிக்கிறவர் தினமும் டிசிசிஏ என்கிற குளோரின் பொடி போடுகிறார், நிறம் அசையவில்லை. துருசு (மயில்துத்தம்) போட்டால் ஒரே ராத்திரியில் தெளிந்துவிடும் என்கிறார். எங்கள் செயலாளரோ மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டு லாரித் தண்ணீர் விடலாம் என்கிறார். எது சரி?

பதில், 2023 டிசம்பர் 12, இரவு

இறைக்கும் யோசனையை முதலில் நிறுத்துங்கள். மழை விட்டு ஒரு வாரம்தான் ஆகிறது, நிலத்தடி நீர் தரையை ஒட்டி நிற்கும் நேரம். குளத்துக்குள் இருக்கும் தண்ணீரின் பாரம்தான் தொட்டியை அழுத்திப் பிடித்திருக்கிறது. உள்ளே காலி, வெளியே நீர் என்றால் அடியிலிருந்து மேலே தள்ளும். தரை ஓடு பெயரும், தொட்டியே விரிசல் விட்டு எழும்புவதும் உண்டு. பச்சைத் தண்ணீருக்குச் செலவு சில ஆயிரம். பிளந்த தொட்டிக்கு எவ்வளவு என்று செயலாளரையே ஒரு இன்ஜினீயரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

சாக்கடை கலந்த வெள்ளம் குளத்துக்குள் புகுந்திருந்தால் கதை வேறு. அந்தத் தண்ணீருக்கு மருந்து போட்டுக்கொண்டிருப்பது வீண். அப்போதும் நிலத்தடி நீர் இறங்கிய பிறகுதான் இறைக்க வேண்டும். புகுந்ததா இல்லையா? அதைச் சொல்லவே இல்லை.

துருசு பற்றி அப்புறம் எழுதுகிறேன், அதுவரை போட வேண்டாம். குளத்தைப் பூட்டி வையுங்கள். அடித்தரை தெரியாத தண்ணீரில் ஒரு குழந்தை மூழ்கினால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

2023 டிசம்பர் 13

வெள்ளம் புகவில்லை, மேலே பெய்த மழைதான் என்று பதில் வந்திருக்கிறது. நல்லது.

பச்சையிலும் ரகம் உண்டு. வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். கலங்கலாக இருந்து, குளத்துச் சுவரைத் தடவினால் வழுக்கினால் அது பாசி. வாளித் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்து நிறம் மட்டும் பச்சை என்றால் உலோகம்: செம்பு, இல்லையென்றால் இரும்பு. பாசிக்குக் குளோரின் வேண்டும். இரும்பு கலந்த தண்ணீரில் அதே குளோரினை ஊற்றினால் நிறம் இன்னும் ஏறும். இதைப் பிரித்துப் பார்க்காமல் மருந்து வாங்கப் போனால், கடைக்காரர் கையில் எது நிறைய இருக்கிறதோ அதுதான் உங்கள் நோய்.

உங்களுடையது பாசிதான். பாசி வித்து காற்றோடு வந்து தினமும் குளத்தில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. நல்ல நாளில் அது பெருகுவதற்குள் குளோரின் கொன்றுவிடும். மழை குளோரினை நீர்க்க வைத்தது, தோட்டத்து மண்ணையும் உரத்தையும் அடித்துக்கொண்டு வந்து போட்டது. பம்ப் நின்றதால் போட்ட மருந்தும் மூலைகளுக்குப் போகவில்லை. மழை விட்டதும் வெயில் வந்தது. அதற்கு மேல் பாசிக்கு வேறென்ன வேண்டும்?

2023 டிசம்பர் 13, மாலை

குளோரின் அளவு எவ்வளவு என்று கேட்டதற்கு ‘பூஜ்யம்தான் காட்டுகிறது, எவ்வளவு போட்டாலும் ஏறவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சோதனைக் கிட்? மஞ்சளாக மாறுவதா, இளஞ்சிவப்பாக மாறுவதா?

மஞ்சள் கிட் மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வேலை செய்யும் குளோரினும், அழுக்கோடு சேர்ந்து செத்துப்போன குளோரினும் அதற்கு ஒன்றுதான். இளஞ்சிவப்பு கிட் பிரித்துக் காட்டும், ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்தச் சாயத்தையே வெளுத்துவிடும். குழாயில் நிறமே வராது, பார்ப்பவர் பூஜ்யம் என்பார்.

எங்கள் குடியிருப்பில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். பூல் பார்க்கும் தம்பி குழாயைத் தூக்கிப் பிடித்து, “சார், சுத்தமா இல்ல சார், இன்னும் ரெண்டு கிலோ போட்ரலாம்” என்றார். மருந்துத் துளி விழுந்த நொடியில் ஒரு சிவப்புக் கீற்று தோன்றி உடனே மறைந்ததைக் கவனித்தேன். அதே தண்ணீரில் ஒரு பங்கு, கேன் குடிதண்ணீர் நாலு பங்கு கலந்து மறுபடி பார்க்கச் சொன்னேன். நல்ல ரோஜா நிறம் வந்தது. குளத்தில் குளோரின் இல்லாமல் இல்லை, வழிந்துகொண்டிருந்தது. தம்பி மேல் குற்றமில்லை. கிட்டோடு வந்த தாளில் அந்த விஷயம் பொடி எழுத்தில்கூட இல்லை.

நீர்த்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

2023 டிசம்பர் 15

நீர்த்துப் பார்த்தும் கொஞ்சம்தான் இருக்கிறது, 2 பிபிஎம் (பத்து லட்சம் பங்குக்கு 2 பங்கு) என்கிறீர்கள். ‘புத்தகத்தில் 1 முதல் 3 என்று போட்டிருக்கிறது, பிறகு ஏன் பச்சை?’ என்ற கேள்வியும் நியாயம்தான். இனி கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசிசிஏ என்பது வெறும் குளோரின் கிடையாது. குளோரினைச் சயனூரிக் அமிலம் என்ற ஒன்றோடு பிணைத்து வைத்த பொடி. தண்ணீரில் கரைந்ததும் குளோரின் வேலை செய்து தீர்ந்துபோகும். சயனூரிக் அமிலம் தீராது, ஆவியாகாது, சாதாரண மணல் ஃபில்டரிலும் சிக்காது. குளத்திலேயே தங்கும்.

அதனால் நன்மையும் உண்டு. அது இல்லாத தண்ணீரில் நம்மூர் உச்சி வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினைத் தின்றுவிடும். 30, 40 பிபிஎம் அளவுக்குச் சயனூரிக் இருந்தால் வெயிலிலிருந்து காப்பாற்றும். அளவு மீறினால் குளோரினை இறுகப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவே விடாது. கிட் 2 என்று காட்டும், பாசிக்கு அது உறைக்காது.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் லிட்டர் குளத்தில் 1 பிபிஎம் என்பது 100 கிராம் குளோரின். 90 சதவீத டிசிசிஏ என்றால் 111 கிராம். நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு 3 பிபிஎம் செலவாகிறது என்று வையுங்கள். தினமும் 333 கிராம், மாதம் 10 கிலோ. டிசிசிஏ கொடுக்கும் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினோடும் கிட்டத்தட்ட 6 பிபிஎம் சயனூரிக் வந்து சேர்கிறது. மாதத்துக்கு 54. மூன்றே மாதத்தில் 160. ஃபில்டரைப் பின்னோக்கி அலசும் பேக்வாஷில் போவதும் மழையில் வழிவதும் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

சயனூரிக் அளவில் ஏழரை சதவீதமாவது குளோரின் இருந்தால்தான் பாசி தலைதூக்காது என்பது பூல் வேலையில் ஊறியவர்களின் நடைமுறைக் கணக்கு. சயனூரிக் 40 என்றால் 3 பிபிஎம் போதும். 160 என்றால் 12 வேண்டும். நீங்கள் வைத்திருப்பது 2. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சயனூரிக் சோதனை சாதாரண கிட்டில் வராது, தனியாக வாங்க வேண்டும். தண்ணீரில் ஒரு மருந்தைக் கலந்தால் பால் மாதிரி கலங்கும். அதை அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாயில் ஊற்றிக்கொண்டே போய், புள்ளி எந்த உயரத்தில் கண்ணிலிருந்து மறைகிறதோ அதுதான் அளவு.

2023 டிசம்பர் 16

ஒருவர் வந்து ‘டிசிசிஏவில் 90 சதவீதம் குளோரின், ஹைப்போவில் வெறும் 10 சதவீதம், எது பெரிது?’ என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஹைப்போ என்பது கேனில் வரும் திரவக் குளோரின். தண்ணீருக்குள் போன பிறகு குளோரின் குளோரின்தான். 1 லிட்டர் ஹைப்போவில் 100 கிராம் இருக்கிறது, அதாவது ஒரு லட்சம் லிட்டருக்குச் சரியாக 1 பிபிஎம். மனக்கணக்குக்கு இதைவிட வசதி வேறில்லை. கூடவே வருவது எது என்பதில்தான் வித்தியாசம். ஹைப்போவோடு கொஞ்சம் உப்பு வரும். பிளீச்சிங் பவுடரோடு சுண்ணாம்பு வரும், போர் தண்ணீரின் கடினத்தோடு அதுவும் சேர்ந்தால் ஓட்டில் வெள்ளை படியும். டிசிசிஏவோடு சயனூரிக் வரும்.

ஹைப்போ வாங்கும்போது கேன் எங்கே நின்றது என்று பாருங்கள். வெயிலில் வாரக்கணக்கில் நின்ற கேனில் 10 சதவீதம் என்பது ஒட்டிய தாளில் மட்டும்தான்.

2023 டிசம்பர் 18

சயனூரிக் 100க்கு மேல் என்று சோதனைக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எதிர்பார்த்ததுதான். அந்தச் சோதனை 100க்கு மேல் சரியாகச் சொல்லாது. குளத்துத் தண்ணீரையும் குடிதண்ணீரையும் சரிபாதி கலந்து மறுபடி செய்து, வந்ததை இரண்டால் பெருக்குங்கள்.

இதைக் குறைக்க மருந்து தேடி அலைய வேண்டாம், தண்ணீரை மாற்றுவதுதான் வழி. இங்கேதான் செயலாளரின் யோசனை பாதி சரி. பாதித் தண்ணீரை மாற்றினால் சயனூரிக்கும் பாதியாகும். ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். ஓரடி இறக்கி ஓரடி நிரப்புங்கள், மறுநாள் இன்னொரு அடி. இப்படித் தவணையாகச் செய்தால் பழையதும் புதியதும் கலந்து கொஞ்சம் வீணாகும், ஆனால் தொட்டி பிழைக்கும். ஒரு லட்சம் லிட்டர் குளத்தில் பாதி, அதாவது 50,000 லிட்டர் என்பது 12,000 லிட்டர் லாரி நாலு, கொஞ்சம் கூட. தவணைக்கு ஐந்தாகவே கணக்கு வையுங்கள்.

2023 டிசம்பர் 18, இரவு

‘பிறகு என்ன செய்வது, வரிசையாகச் சொல்லுங்கள்’ என்கிறீர்கள்.

பி.எச். (தண்ணீரின் அமிலமும் காரமும் காட்டும் அளவு) முதலில். 7.2 பக்கம் கொண்டுவாருங்கள். குளோரினை ஏற்றிய பிறகு பி.எச். சோதனையே பொய் சொல்லும், அதனால் முன்பே முடித்துவிட வேண்டும். ஆசிட்டை ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாகக் கலந்து, பம்ப் ஓடும்போது ஊற்ற வேண்டும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஆசிட் வாளியை அலசாமல் அதிலேயே ஹைப்போ எடுத்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைத்துப் போகும். டிசிசிஏ அள்ளிய அகப்பையால் பிளீச்சிங் பவுடரை அள்ளுவதும் இதே ரகம், அது தீப்பிடிக்கவே செய்யும். இந்த இரண்டையும் ஸ்டோர் ரூம் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம் இலை தழைகளை வலையால் வாருங்கள். அடியில் கிடக்கும் ஒவ்வொரு இலையும் குளோரினைத் தின்னும்.

அடுத்து ஹைப்போ. பாசி இருக்கும்போது குளோரின் அளவை சயனூரிக் அளவில் 40 சதவீதம் வரை ஏற்றி அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். சயனூரிக் 50 என்றால் குளோரின் 20. ஒரு லட்சம் லிட்டருக்கு 20 லிட்டர் ஹைப்போ. ஊற்றிவிட்டுப் போய்விட்டால் பாசி அதைத் தின்று பாதியாக்கிவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, குறைந்ததை மட்டும் ஊற்றி 20க்குக் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் 20, மறுநாள் மறந்துபோய் 3, மூன்றாம் நாள் பதறிப்போய் 30 என்று போனால் செத்ததற்கு ஈடாகப் பாசி மறுபடி முளைத்திருக்கும், பணம்தான் கரையும். நிறுத்தி வைப்பதுதான் வைத்தியம்.

பிரஷ். சுவர், படிக்கட்டு, ஏணிக்குப் பின்புறம், தண்ணீருக்கடியில் விளக்கு பொருத்திய குழி, ஓட்டின் இடுக்கு எல்லாம். வழுக்கும் படலத்தைக் கிளப்பிவிட்டால்தான் குளோரின் உள்ளே போகும். வழிந்தோடும் வகைக் குளம் என்றால், வழிந்த தண்ணீர் சேரும் பேலன்ஸ் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். எங்களுடையதைத் திறந்தபோது கிணற்று வாடை அடித்தது, உள்சுவரில் விரல் தடிமனுக்குப் பாசி. குளத்தை எத்தனை தடவை தெளிய வைத்தாலும் பம்ப் அங்கேயிருந்துதானே தண்ணீரை இழுக்கிறது?

பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். ஃபில்டர் சுத்தமாக இருந்தபோது அழுத்தமானி எவ்வளவு காட்டியதோ, அதற்கு மேல் அரை பார் ஏறினால் பேக்வாஷ். கரண்ட் பில் பற்றி அசோசியேஷனில் யாராவது முணுமுணுத்தால் லாரித் தண்ணீர் பில்லைப் பக்கத்தில் வையுங்கள்.

2023 டிசம்பர் 19

பி.எச். பற்றி ஒரு சேர்க்கை. சயனூரிக் இல்லாத தண்ணீரில் பி.எச். 7.2இல் மூன்றில் இரண்டு பங்கு குளோரின் வீரியமான வடிவில் இருக்கும், 8இல் கால் பங்குதான். எல்லாக் கையேட்டிலும் இது உண்டு, நம்மூர் ஆட்களும் இதைச் சொல்லியே மூட்டை மூட்டையாக ஆசிட் இறக்குவார்கள். சயனூரிக் இருக்கும் குளத்தில் அந்த வித்தியாசம் இவ்வளவு கூர்மையாக இருக்காது. பி.எச். 7.7 என்பதால் குளம் பச்சையானது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுக் குளோரினை அளந்து பாருங்கள்.

2023 டிசம்பர் 21

பச்சை போய் வெள்ளையாக, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டதா? பயப்பட வேண்டாம், நல்ல சேதி. பாசி செத்து மிதக்கிறது. ‘பச்சையே தேவலை, அடியாவது கொஞ்சம் தெரிந்தது’ என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். எங்கள் குழுவில் ஒருவர் குளத்துக்குத் தயிர் ஊற்றியது யார் என்று கேட்டிருந்தார்.

இப்போது இரண்டு வழி. ஒன்று, ஃபில்டர் தானே வடிகட்டட்டும் என்று காத்திருப்பது. இன்னொன்று படிகாரம். கரைத்துத் தெளித்து, பம்ப்பை நிறுத்திவிட்டு, இரவு முழுக்கத் தண்ணீரை அசைக்காமல் விட்டால் செத்த பாசி அடியில் மெத்தை மாதிரி படியும். காலையில் வேக்கம் குழாய் போட்டு உறிஞ்சி இழுக்க வேண்டும், வால்வை ‘வேஸ்ட்’ நிலையில், அதாவது தண்ணீர் ஃபில்டருக்குப் போகாமல் வெளியே போகும்படி வைத்து. ‘ஃபில்டர்’ நிலையில் வைத்து இழுத்தால் படிகாரக் கூழ் மணலில் போய் அப்பிக்கொள்ளும். பையன் அவசரத்தில் இழுத்தால் மெத்தை கலைந்து மறுபடி கலங்கும், மறுபடி ஒரு ராத்திரி. எங்கள் குளத்தில் நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து “மெதுவா தம்பி, மெதுவா” என்பதை மட்டுமே செய்தேன். அதுவும் ஒரு வேலைதான்.

குளோரின் வேலை முடிவதற்கு முன் படிகாரம் போடாதீர்கள். உயிரோடு இருக்கும் பாசி அடியில் படிந்து அங்கேயே முளைக்கும்.

2023 டிசம்பர் 23

‘தெளிந்துவிட்டது, நிறுத்தலாமா?’

தெளிவை நம்பாதீர்கள். இருட்டிய பிறகு குளோரின் அளந்து எழுதி வையுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலை மறுபடி அளங்கள், இடையில் எதுவும் போடக் கூடாது. இரவில் வெயில் இல்லை, ஆள் இல்லை. குறைந்தால் அதைத் தின்றது பாசியோ அழுக்கோதான். 1 பிபிஎம்முக்குள் குறைந்திருந்தால் முடிந்தது. 1 பிபிஎம்மைத் தாண்டிக் குறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ மிச்சம் இருக்கிறது, தொடருங்கள். ஒப்பந்தக்காரர் கொடுக்கும் ‘போட்ட மருந்து’ பில்லை விட இந்த இரண்டு எண்கள் எனக்குப் பெரிது. எத்தனை கிலோ போட்டோம் என்பதில் என்ன இருக்கிறது, விடியும்போது எவ்வளவு மீதி என்று பாருங்கள்.

2024 ஜனவரி 4

புத்தாண்டுக்குக் குளம் திறந்ததாகப் படம் போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் படத்தில் தண்ணீர் தெளிவாக, அடி ஓடு துல்லியமாகத் தெரிய, நிறம் மட்டும் மரகதம். யாரோ கை வைத்திருக்கிறார்கள். துருசு போட்டாரா உங்கள் ஆள்?

2024 ஜனவரி 5

போட்டிருக்கிறார். “இனிமே பாசி வரக் கூடாதுன்னு காவலுக்குப் போட்டேன் சார்” என்று சொன்னாராம். இரண்டு கிலோ.

துருசு என்கிற மயில்துத்தம் பாசியைக் கொல்லும், அதில் பொய் இல்லை. தோட்டக்காரர்கள் காலங்காலமாகப் போர்டோ கலவையில் சுண்ணாம்போடு சேர்த்துப் பயன்படுத்துவதும் இதுதான். அதன் எடையில் கால் பங்கு செம்பு. உங்கள் குளத்தில் இரண்டு கிலோ என்றால் 500 கிராம் செம்பு, ஒரு லட்சம் லிட்டரில் 5 பிபிஎம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் வேறு வழியில்லாதபோது அனுமதிக்கும் உச்ச அளவே 1.5தான். நீச்சலடிக்கிறவர்கள், அதுவும் குழந்தைகள், கொஞ்சமாவது விழுங்கத்தான் செய்வார்கள்.

செம்பும் சயனூரிக் மாதிரிதான், போட்டால் போகாது. பி.எச். ஏறினால் ஓட்டு இடுக்கில் நீலப் பச்சைக் கறையாக இறங்கும். தண்ணீரைப் பாதி மாற்றுங்கள். இப்போது நிலத்தடி நீர் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனாலும் தவணையாகவே.

‘குளோரினால் முடி பச்சையாகிறது’ என்று வெள்ளைக்காரர்கள் சொல்வதும் செம்பின் வேலைதான், குளோரின் அதற்குத் துணை. நம் கறுப்பு முடியில் தெரியாது. எங்கள் குடியிருப்பில் தினமும் விடியற்காலை நீந்தும் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருக்குத் தலை முழுக்க வெண்பஞ்சு நரை. அவர் தலையில் இளம்பச்சை ஏறியதைப் பார்த்துத்தான் எங்கள் குளத்திலும் துருசு போகிறது என்று கண்டுபிடித்தோம். அவர் கண்ணாடியில் கவனிக்கவே இல்லையாம். “ஏன்டா எல்லாரும் தலையையே பாக்குறீங்க?” என்று கேட்டார்.

2024 ஜனவரி 9

‘இதெல்லாம் நம்மூர் அரைகுறை வேலை, வெளிநாட்டில் நடக்குமா’ என்று ஒருவர். 2016 ரியோ ஒலிம்பிக்கை மறந்துவிட்டீர்களா? மரியா லெங்க் நீச்சல் அரங்கில் ஆகஸ்ட் 9 அன்று டைவிங் குளம் பச்சையானது. பக்கத்துக் குளம் நீலமாக இருக்க இது மட்டும் பச்சை, உலகமே டிவியில் பார்த்தது. அடுத்த நாள் பக்கத்துக் குளமும் அதே திசையில் போனது. வாட்டர் போலோ ஆட்டக்காரர்கள் கண் எரிகிறது என்றார்கள். அமைப்பாளர்களின் பேச்சாளர் வேதியியல் துல்லியமான விஞ்ஞானம் அல்ல என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முதலில் காரத்தன்மை குறைந்தது என்றார்கள். கடைசியில் வெளிவந்தது இதுதான்: ஆகஸ்ட் 5 அன்று ஒப்பந்தக்காரர் தரப்பில் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியிருக்கிறார்கள். பெராக்சைடு தனியாகக் கிருமிநாசினிதான். குளோரினோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக் கட்டி உப்பும் ஆக்சிஜனும் தண்ணீருமாகிவிடும். காவலே இல்லாத குளம். டைவிங் குளத்தைத் தேற்றிக்கொண்டே போட்டி நடந்தது. ஒத்திசைவு நீச்சலுக்குத் தண்ணீருக்கடியில் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டும். அதனால் அது நடக்கவிருந்த பக்கத்துக் குளத்தை மட்டும் இறைத்துவிட்டு, பயிற்சிக் குளத்திலிருந்து 37 லட்சம் லிட்டருக்கு மேல் கொண்டுவந்து நிரப்பினார்கள்.

ஒலிம்பிக்கிலும் ‘இன்னொன்றைக் கொஞ்சம் சேர்த்துப் பார்ப்போம்’ என்று ஒருவர் இருந்திருக்கிறார். ‘குளோரின் இல்லாத மருந்து’ என்று பெராக்சைடு விற்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

2024 மார்ச் 17

ஊர்க் கிணறும் தெப்பக்குளமும் பச்சையாக இருக்கின்றனவே, அங்கேயும் இதே வைத்தியமா என்று ஒரு கேள்வி. வேண்டவே வேண்டாம். அங்கே மீன் இருக்கிறது, தவளை இருக்கிறது, பாசியைத் தின்பதும் பாசி தருகிற ஆக்சிஜனில் பிழைப்பதும் இருக்கின்றன. 20 பிபிஎம் குளோரின் ஊற்றினால் மறுநாள் மீன் எல்லாம் வயிறு மேலே மிதக்கும். தெப்பக்குளம் அடர்பச்சை ஆவது பெரும்பாலும் உள்ளே வருகிற சாக்கடையாலும் சோப்பு நீராலும்தான். வரத்துக் கால்வாயைப் பார்க்க வேண்டும், தண்ணீரை அல்ல.

ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர் வேறு கணக்கு. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பார்கள், கடைசிக் குழாயில் 0.2 பிபிஎம் மிஞ்ச வேண்டும். மூடிய தொட்டி, வெயில் இல்லை, அதனால் அது போதும். அதை நீச்சல் குளத்துக்குப் போட்டால் காலை பத்து மணி வரைகூடத் தாங்காது.

நான் நீச்சல் கற்றதே பச்சைக் கிணற்றில்தான். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித் தள்ளிவிட்டார்கள். பி.எச். யாரும் பார்க்கவில்லை. இதை எழுதினால் ‘அப்போ குளோரின் எதுக்கு’ என்று ஒருவர் வருவார் என்று தெரியும். பத்து பேர் குளித்த கிணறும், இருநூறு வீட்டுக் குழந்தைகள் ‘அவசரத்துக்கு’ உள்ளேயே போய்விடும் குளமும் ஒன்றா?

2024 மே 6

கோடை வந்ததும் புதுப் புகார்: குளம் முழுக்க நீலம், நிழல் விழும் ஒரு பக்கச் சுவரில் மட்டும் மஞ்சள் பச்சைத் தூள். தொட்டால் புகை மாதிரி கலைகிறது, மறுநாள் அதே இடத்தில் வந்து உட்காருகிறது. மகரந்தமோ மணலோ என்று விட்டுவிடுகிறார்கள், இதுவும் ஒரு வகைப் பாசிதான். கொஞ்சம் கெட்டி உயிர். வழக்கமான வைத்தியத்தை முடித்த பிறகும் ஒரு நாள் கூடுதலாகக் குளோரினை ஏற்றி வைக்க வேண்டும். பிரஷ், வேக்கம் குழாய், குழந்தைகளின் மிதவை எல்லாவற்றையும் அந்தத் தண்ணீரிலேயே ஊற வையுங்கள், இல்லையென்றால் பிரஷ்ஷே வித்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஓட்டு இடுக்கில் கறுப்புப் புள்ளி என்று எழுதியவருக்கு: அது வேர் மாதிரி சிமெண்டுக்குள் இறங்கும். நைலான் பிரஷ் மேலே தடவிக்கொடுக்கும், அவ்வளவுதான். சிமெண்ட் பூச்சுக் குளம் என்றால் கம்பி பிரஷ், துருப்பிடிக்காத கம்பியாக இருக்கட்டும்.

2024 மே 29

லாரி கிடைக்காமல் போர் தண்ணீர் விட்டு நிரப்பினார்களாம், ஹைப்போ ஊற்றிய அரை மணியில் குளம் கஷாயம் மாதிரி பழுப்புப் பச்சை ஆகிவிட்டதாம். இது பாசி இல்லை, பாசி அரை மணியில் வராது. கரைந்திருந்த இரும்பைக் குளோரின் துருவாக்கி வெளியே தள்ளியிருக்கிறது.

இனி போர் தண்ணீர் விடுவதற்கு முன் ஒரு வெள்ளை வாளியில் பிடித்து ஒரு ஸ்பூன் ஹைப்போ விட்டுக் கலக்கி, சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள். வாளி பழுப்பானால் அந்தத் தண்ணீர் குளத்துக்கு ஆகாது. இப்போது நிரப்பியாயிற்று என்பதால் படிகாரம் போட்டுப் படிய வைத்து ‘வேஸ்ட்’டில் இழுங்கள். ஃபில்டரை வழக்கத்தைவிட அடிக்கடி பேக்வாஷ் செய்யுங்கள், மணல் சிவந்துவிடும். படியில் கறை பிடித்திருந்தால் ஒரு வைட்டமின் சி மாத்திரையை அதன் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். கறை வெளுத்தால் இரும்பு என்று உறுதி.

2024 ஜூன் 11

வைட்டமின் சி மாத்திரை ஒரு டப்பா முழுக்கக் குளத்தில் போட்டால் கறை மொத்தமும் போகுமா என்று கேட்கிறார்கள். போகும், கிலோக் கணக்கில் போட்டால். கூடவே இருக்கிற குளோரின் முழுக்கப் போகும், பெராக்சைடு மாதிரியே. கறையை எடுத்த கையோடு பாசிக்கு வாசலைத் திறந்துவிட்டதாக ஆகும். செய்வதென்றால் இரும்பைப் பிடித்து வைக்கும் மருந்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, குளோரினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றத் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். ஒரு படிக்கட்டில் மட்டும்தான் கறை என்றால் மாத்திரைகளைப் பழைய காலுறையில் போட்டுப் பொடித்து அந்த இடத்தில் மட்டும் வையுங்கள். ஆரஞ்சு நிற மாத்திரை வேண்டாம், வெள்ளையாகக் கேட்டு வாங்குங்கள்.